கோல் சரிவு, இரண்டு அங்குலம் கழிக்கவும்

இரவு பத்தே முக்கால். மல்லாவி.
தர்மிகா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.
ஜன்னல் கம்பியில் றப்பர் வளையத்தால் கட்டியிருக்கிறது போன்,
வீட்டில் அந்த ஓரிடத்தில்தான் மூன்று கோடு.

விண்ணப்பம் கேட்கிறது.
கணிதம்: 166. அடிக்கிறேன்.
மொழி: 149. அடிக்கிறேன், கொஞ்சம் மெதுவாக.
எழுத்து: மூன்று தசம் ஐந்து.
பெட்டிக்குள் சிறு கோடொன்று
கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது.

கணிதத்தை முன்னுக்குப் போடு என்றான் கேதீசன்,
ஸ்காபரோவில் அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.
மொத்தத்தைப் போடாதை, பிரித்துப் போடு.
நூறு பேரில் எத்தனை பேரைத் தாண்டினாய் என்று போடு.
மூன்றரையை, கேட்காத இடத்தில் நீயாகச் சொல்லாதை.
எல்லாம் சரி, குறித்துக்கொண்டேன்.
பிறகு குரலைத் தாழ்த்தினான்:
கடைசியில் ஒரு பெட்டி வரும், 'வேறு சூழ்நிலைகள்',
அதில் இரண்டாயிரத்து ஒன்பதை எழுது.
வாசிக்கிறவை நிமிர்ந்து இருப்பினம்.

எழுதலாம். ஒரு சொல்லும் பொய்யாகாது.
ஆனால் கேதீசன்,
மூன்றரை வந்தது அதனால் இல்லை.
கொழும்பில், குளிரூட்டிய அறையில்,
இரண்டாவது கட்டுரைக்கு முடிவுரை எழுதமுன்
நேரம் முடிந்துவிட்டது.
முதல்நாள் இரவு மாங்குளத்தில் பஸ் ஏறி
வவுனியா தாண்டியும் நின்றபடிதான் போனேன்.
அதுவும் காரணமில்லை.
முன்னுரையோடு மினக்கெட்டேன், அவ்வளவுதான்.
எழுதாத ஒரு முடிவுரைக்காக
அத்தனை பேரையும் எழுப்பிக் கூட்டிவந்து
சாட்சி சொல்லுங்கோ என்று கேட்க
எனக்கு வாய் வராது.

பகலில் நான் திணைக்களத்தில்
குளங்களின் நீர்மட்டத்தைக் கணினியில் ஏற்றுகிறவள்.
துருசடியில் பாலேந்திரம் எழுதுகிற கொப்பி
ஈரம் காயாமல் மேசைக்கு வரும்.
போன கிழமை ஒரு வரி:
'பதின்மூன்றடி ஏழங்குலம். காலை ஆறு பத்து.
எருமை உரஞ்சினதால் கோல் சரிவு,
இரண்டு அங்குலம் கழிக்கவும்.'
கீழே கையொப்பம், திகதி.
எத்தனை ஆயிரம் எண்களை ஏற்றியிருப்பேன்,
யோசிக்காமல் நம்பினது அதை ஒன்றைத்தான்.

முந்நூறு எழுத்துக்குள் எழுதச் சொல்கிறது பெட்டி.
'இரண்டாம் வருடம், முதல் செமஸ்ரர்: 2.41.
டெங்கு. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
அதன்பின் ஐந்து செமஸ்ரரும் 3.5க்கு மேல்.
எழுத்துப் பரீட்சையில் குறைவு: நேரம் பிழைத்தது.
இணைத்துள்ள ஆய்வறிக்கை நானே எழுதியது. முடிவுரை உண்டு.'
கடைசி இரண்டு சொல்லையும் அழித்தேன்.
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
வந்து திரும்பவும் போட்டேன்.

அடுத்த பக்கம்:
படித்த பாடசாலைகள், ஆண்டு வாரியாக, இடைவெளி இன்றி.
எட்டாம் வகுப்புக்கு நேரே சிவப்பு நட்சத்திரம்.
தை தொடக்கம் சித்திரை வரை பெயரில்லை,
ஒரு தறப்பாளும் வெண்கட்டியும் இருந்தது,
பிறகு வெண்கட்டி இருக்கவில்லை.
ஆவணியிலிருந்து முகாம், வலயம் நாலு, பின்னேர வகுப்பு.
'இடம்பெயர்ந்த பாடசாலை' என்று அடித்தேன்.
நட்சத்திரம் அணைந்தது.
வேறொன்றும் கேட்கவில்லை அது.

இனி அனுப்புவதுதான்.
நாலு பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி சும்மா போகும்,
ஐந்தாவதுக்குக் காசு, சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.
ஐந்தாவதைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

மழை இரைந்துகொண்டு வந்தது.
நனையமுன் போனை அவிழ்த்து உள்ளே இழுத்தேன்.
மூன்று கோடும் போய்விட்டது.
முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது,
சோறு ஆறிவிட்டது.
விடிய மட்டம் ஏறியிருக்கும்.
கோலை நிமிர்த்தச் சொல்லி
இரண்டு கடிதம் போட்டாயிற்று,
இன்னும் ஒருவரும் வரவில்லை.